இறால் கோதின் கதை: கொச்சியில் காசானது, நமது கரையில் ஏன் குப்பையானது?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். ஒரு பொருளின் வரலாற்றைச் சொல்லப் போகிறேன். அதற்குள் நமது கரையின் வரலாறும் இருக்கிறது.

ஒரு கிலோ இறால் வாங்கித் தலையைக் கிள்ளி, கோதை உரித்தால் கறிச்சட்டிக்குள் போவது ஏறத்தாழ அரைக் கிலோதான். மற்றப் பாதி சொப்பிங் பேக்கில் கட்டப்பட்டு வேலியோரம் கிடக்கும். மறுநாள் நாற்றம் எடுக்கும். பூனையும் காகமும் பையைக் கிழிக்கும். குப்பை வண்டி வந்தால் ஏற்றிப் போகும், வராவிட்டால் தோணாவிலோ கடற்கரையிலோ விழும்.

நமது பிரதேசத்துக் குப்பைகள் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று பள்ளக்காடு. அங்கே பிளாஸ்டிக்கைத் தின்று 8 வருடங்களில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. யானைக்குப் பிளாஸ்டிக் மீது ஆசையில்லை. பைக்குள் நாம் கட்டிப் போடும் சாப்பாட்டுக் கழிவின் மணம்தான் அதை இழுக்கிறது.

அந்தப் பைக்குள் கிடக்கும் இறால் கோதைக் கேரளத்தில் மூலப்பொருளாக வாங்குகிறார்கள். ஒரே இறால், ஒரே கோது. அங்கே காசு, இங்கே குப்பை. ஏன் இப்படி ஆனது?

*பெயர் வந்த கதை*

1811 இல் பிரான்சின் நான்சி நகரத் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பாக இருந்த ஹென்றி பிராக்கொனோ என்ற விஞ்ஞானி, காளானிலிருந்து இலகுவில் கரையாத ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். 1823 இல் ஓடியே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் வண்டின் இறக்கை ஓட்டில் இப்படியான ஒரு பொருளைக் கண்டு அதற்குக் 'கைற்றின்' என்று பெயர் வைத்தார். மேலாடையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பொருத்தமான பெயர்தான். வண்டுக்கும் நண்டுக்கும் இறாலுக்கும் அல்லாஹ் போர்த்தி விட்ட சட்டை அது. மரத்திலும் பருத்தியிலும் உள்ள செலுலோசுக்கு அடுத்தபடியாக, இயற்கையில் மிக அதிகமாகக் கிடைக்கும் பல்பகுதியம் கைற்றின் என்று இன்றைய பாடநூல்கள் சொல்கின்றன.

ஆனால் கைற்றினோடு ஒரு சிக்கல். அது தண்ணீரில் கரையாது, சாதாரண அமிலத்திலும் கரையாது. கரையாத பொருளை வைத்து என்ன செய்வது? 1859 இல் ரூஜே என்பவர் அதைச் செறிந்த காரத்தில் போட்டுக் காய்ச்சினார். அதன் பிறகு அது மென்மையான அமிலத்தில் கரைந்தது. இந்தப் புதிய வடிவத்துக்கு 1894 இல் ஜேர்மனியரான ஹொப்பே சைலர் 'கைற்றோசான்' என்று பெயரிட்டார்.

கரைந்தால் என்ன நன்மை? கரைசலில் கைற்றோசான் நேர் ஏற்றம் கொண்டதாக இருக்கும். உலகில் அழுக்கு, களிமண், சாயம், கொழுப்பு, இரத்தக் கலங்களின் மேற்பரப்பு எனப் பலவும் எதிர் ஏற்றம் உடையவை. ஆகவே கைற்றோசான் அவற்றைப் பிடித்து ஒட்டிக் கொள்ளும். கலங்கிய தண்ணீரில் போட்டால் கலங்கலைத் திரட்டி அடியில் இறக்கும். காயத்தில் வைத்தால் இரத்தத்தைத் திரட்டும். இதன் பயன்களில் பெரும்பாலானவை இந்த ஒட்டும் குணத்திலிருந்து வந்தவைதான்.

*நைலோன் தள்ளி வைத்த பொருள்*

1930களில் அமெரிக்காவின் டுபொன்ட் நிறுவனத்தில் ரிக்பி என்ற ஆய்வாளர் கைற்றோசானிலிருந்து நாரும் மென்தாளும் செய்து உரிமம் பெற்றார். ஆனால் 1938 இல் அதே நிறுவனம் நைலோனை உலகுக்கு அறிமுகம் செய்தது. எரிநெய்யிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் மலிவான செயற்கை நாரும் பிளாஸ்டிக்கும் வரத் தொடங்கியதும் இறால் கோதை யார் தேடப் போகிறார்கள்? கைற்றோசான் ஒரு மூலைக்குப் போய்விட்டது.

பிற்காலத்தில் அந்த நைலோன்தான் வலையாக நமது மீனவர்களின் கைக்கும் வந்து, இறாலைக் கூடுதலாகப் பிடித்துக் கொடுத்தது. கோது பெருகியது. கோதுக்கு வேலை கொடுக்கும் அறிவு மட்டும் இன்னும் வரவில்லை.

1970களில் காற்று மாறியது. கடலில் கழிவு கொட்டுவதற்கு எதிராகச் சட்டங்கள் இறுகின. ஜப்பானில் நண்டு ஓட்டிலிருந்து கைற்றோசானைத் தொழில்முறையில் செய்து கழிவுநீரைச் சுத்தப்படுத்தப் பயன்படுத்தினார்கள். 1977 இல் அமெரிக்காவின் பொஸ்டனில் இந்தப் பொருளுக்கென்றே முதலாவது சர்வதேச மாநாடு கூடியது.

*கொச்சியில் என்ன நடந்தது?*

நமக்கு மிகவும் பாடமாக இருப்பது கேரளத்தின் கதை. ஏனென்றால் அது நம்மைப் போன்ற கரை. களப்பு, தென்னை, கரைவலை, கருவாடு எல்லாம் அங்கும் உண்டு.

1952 இல் இந்தியாவும் நோர்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஒப்பந்தம் செய்து, கொல்லத்துக்கு அருகில் நீண்டகரை, சக்திகுளங்கரை மீனவக் கிராமங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கின. இயந்திரப் படகும் ஐஸும் வந்தன. 1953 இல் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அதற்கு முன் கேரளத்தில் இறால் என்பது அவித்துக் காய வைத்து விற்கும் மலிவுப் பண்டம், நமது கூனியைப் போல. சில வருடங்களில் அது டொலர் கொண்டு வரும் பொருளானது.

ஏற்றுமதிக்கு இறாலை உரிக்க வேண்டும். உரிப்பதற்குக் கொட்டகைகள் எழுந்தன. கொச்சியைச் சுற்றியும் ஆலப்புழையின் அரூர்ப் பக்கத்திலும் ஆயிரக்கணக்கான பெண்கள் விடியமுன் எழுந்து, ஐஸ் தண்ணீருக்குள் விரல் விறைக்க இறால் உரித்தார்கள். கூலி குறைவு. அந்தப் பெண்களின் உழைப்புக் கதை தனியாக எழுத வேண்டியது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: அவர்களின் கைகளால்தான் கோது முதன்முதலாக ஓரிடத்தில் மலையாகக் குவிந்தது.

குவிந்தது நாறவும் செய்தது. காயல் நீரில் விழுந்தது. அந்த நாற்றத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1957 இல் கொச்சியில் தொடங்கப்பட்ட இந்திய மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம்தான் அது. அங்கு பணியாற்றிய மாதவன், இராமச்சந்திரன் நாயர் ஆகிய இருவரும் இறால் கழிவிலிருந்து கைற்றினைப் பிரித்து அதைக் கைற்றோசானாக மாற்றும் முறையை 1974 இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். பிறகு தொழில் நிறுவனங்களும் அந்த வழியில் வந்தன. கேரள மீனவர் கூட்டுறவு இணையமான மத்ஸ்யபெட் கூட நீண்டகரையில் கைற்றோசான் உற்பத்தியில் இறங்கியது. நோர்வேப் படகு வந்த அதே நீண்டகரை.

இதிலிருந்து நான் விளங்கிக் கொண்டது இதுதான். பிரெஞ்சு விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததால் மட்டும் கோது காசாகவில்லை. அந்த அறிவு ஒரு நூற்றாண்டுக்கு மேல் புத்தகத்தில் கிடந்தது. கோது ஓரிடத்தில் குவிந்தபோது, பக்கத்தில் அறிவு நிலையம் இருந்தபோது, வாங்குவதற்கு ஆள் வந்தபோதுதான் அது காசானது. மூன்றும் நடந்து போகும் தூரத்தில் இருந்தன.

*நமது பக்கம் என்ன நடந்தது?*

'நமது ஆட்களுக்கு மூளை இல்லை, முயற்சி இல்லை' என்று நாமே நம்மைத் திட்டிக் கொள்வது வழக்கம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

இலங்கையின் நவீன இறால் வளர்ப்பு புத்தளத்தில் ஆரம்பித்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் 1970களின் இறுதியில் அது முளைவிட்டது நமக்குப் பக்கத்து மட்டக்களப்பில். வாவியின் உவர்நீர் இறாலுக்கென்றே அமைந்தது போல இருந்தது. மகிழடித்தீவில் வெளிநாட்டு முதலீட்டோடு பெரிய பண்ணை ஒன்று இயங்கியது. அக்கம்பக்கத்துக் கிராமத்து இளைஞர்கள் அங்கே வேலை செய்தார்கள்.

1987 ஜனவரி இறுதியில் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் நடந்த படை நடவடிக்கையின்போது அந்தப் பண்ணையின் தொழிலாளர்கள் உட்படப் பெருந்தொகையான தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். உழைத்துச் சாப்பிடப் போன பிள்ளைகள். பண்ணையும் அத்தோடு முடிந்தது. 1990 இல் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நமது சமூகம் பட்டதை நான் இங்கே திரும்பச் சொல்லத் தேவையில்லை. யாருடைய துயரம் பெரிது என்று அளக்க இதை எழுதவில்லை. யுத்தம் ஆட்களைக் கொன்றது போலவே, இந்தக் கரையில் முளைத்த தொழிலையும் கொன்றது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். கடலுக்குப் போவதற்கே கட்டுப்பாடு இருந்த காலத்தில் யார் இங்கே வந்து இறால் தொழிற்சாலை போடுவார்?

தொழில் வடமேற்குக்குப் போனது. சிலாபம், முந்தல், புத்தளம் என்று 1980களில் பண்ணைகள் பெருகின. பலர் பணக்காரரானார்கள். ஆனால் அங்கும் ஒரு பாடம் காத்திருந்தது. களப்புகளை இணைக்கும் டச்சுக் கால்வாயிலிருந்தே தண்ணீரை எடுத்தார்கள், பண்ணைக் கழிவுநீரையும் அதற்குள்ளேயே விட்டார்கள். ஒரு பண்ணையின் நோய் மற்றப் பண்ணையின் நோயானது. 1980களின் இறுதியில் ஒரு நோய் வந்தது. 1996 இல் வெண்புள்ளி நோய் வந்து தொழிலையே புரட்டிப் போட்டது. இந்தத் தண்ணீர் விடயத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள், கீழே தேவைப்படும்.

நமது கரைக்கு 2004 டிசம்பர் 26 வந்தது. இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோர வளவுகள் வெறுமையாகின. தோணியும் வலையும் போயின. பிறகு டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒலுவில் துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டது. அதன் வாயை மணல் மூடியதும், ஒலுவில், நிந்தவூர்க் கரையைக் கடல் தின்றதும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு மீன்பிடித் துறைமுகம் ஒழுங்காக இயங்கியிருந்தால் அதைச் சுற்றி ஐஸ் வரும், பதனிடல் வரும், கோதும் ஓரிடத்தில் குவியும். அதுவும் தவறிப் போனது.

ஆகவே நமது கோது இன்னும் வீட்டுக்கு வீடு, பைக்குப் பை சிதறிக் கிடக்கிறது. சிதறிக் கிடந்தால் குப்பை. அவ்வளவுதான் வித்தியாசம்.

*எப்படிச் செய்கிறார்கள்?*

சுருக்கமாகச் சொல்கிறேன். இறால் கோதில் முக்கியமாக மூன்று பொருட்கள் உண்டு: கல்சியம் காபனேற்று, புரதம், கைற்றின். முதலில் கோதைக் கழுவிக் காய வைத்து அரைப்பார்கள். ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் நுரைத்துக் கொண்டு சுண்ணாம்பு கரைந்து போகும். ஐதான கோஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் புரதம் போகும். மிஞ்சுவது கைற்றின். அதை 40 முதல் 50 சதவீதச் செறிவுள்ள கோஸ்டிக் சோடாவில் 100 பாகை செல்சியஸ் அளவில் மணிக்கணக்காகச் சூடாக்கினால் கைற்றோசான். ஒவ்வொரு படியிலும் அமிலமும் காரமும் போகும்வரை கழுவ வேண்டும்.

முதல் படியை மட்டும் பிள்ளைகள் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு போத்தலில் வினாகிரி ஊற்றிக் கழுவிய இறால் கோதைப் போடுங்கள். சிறு குமிழிகள் வரும். ஒன்றிரண்டு நாளில் கோது மெழுகுத்தாள் போல வளையும். சுண்ணாம்பு போய்விட்டது, சட்டை மிஞ்சியிருக்கிறது. தரம் 10 விஞ்ஞானத்துக்கு நல்ல செயற்பாடு.

*மற்றப் படிகளை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.* செறிந்த கோஸ்டிக் சோடா கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வை போய்விடும். 'வீட்டிலிருந்தே இலட்சம் சம்பாதிக்கலாம்' என்று வரும் வீடியோக்களை நம்பி எந்த ராத்தாவும் தங்கையும் இதில் கை வைத்துவிடக் கூடாது.

இன்னொன்று தண்ணீர். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2015 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார்கள்: உலகில் வருடத்துக்கு 60 முதல் 80 இலட்சம் தொன் நண்டு, இறால் ஓடு கழிவாகிறது. ஆனால் பழைய முறையில் ஒரு கிலோ கைற்றோசான் எடுக்க ஆயிரம் லீட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். அமிலமும் காரமும் கலந்த அந்தக் கழிவுநீரைக் கிட்டங்கிப் பக்கமோ களப்புப் பக்கமோ திறந்து விட்டால் என்ன ஆகும்? புத்தளத்தின் டச்சுக் கால்வாய் கதைதான். கோதுக் குப்பையை ஒழிக்கிறோம் என்று களப்பைக் கொன்றுவிடக் கூடாது. இரசாயனத்தைக் குறைத்து நுண்ணுயிர்களைக் கொண்டு புரதத்தையும் சுண்ணாம்பையும் நீக்கும் முறைகளையும் இப்போது ஆராய்கிறார்கள். பிந்தி வருபவர்களுக்கு ஒரு நன்மை உண்டு, முந்தியவர்களின் பிழையைத் தவிர்க்கலாம்.

*நமக்கு என்ன பயன்?*

பெரிய பயன்களில் ஒன்று காயக்கட்டு. கைற்றோசானால் செய்த இரத்தம் நிறுத்தும் கட்டு ஒன்றுக்கு 2002 இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அமெரிக்கப் படையினர் அதைப் பயன்படுத்தினார்கள். இறால் உடுத்திய சட்டை மனிதனின் இரத்தத்தை நிறுத்துகிறது, சுப்ஹானல்லாஹ். ஆனால் மருத்துவத் தரத்துக்கு மிக உயர்ந்த தூய்மை வேண்டும். அது நமக்கு இப்போதைக்குத் தூரம்.

'உடம்பு மெலிய' என்று கைற்றோசான் குளிசை விற்கிறார்கள். காசைக் கொட்ட வேண்டாம். பல ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்த 2008 ஆம் ஆண்டின் கொக்ரேன் மதிப்பீடு, அதனால் குறையும் எடை மிக அற்பம் என்றே சொன்னது. இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. நண்டு ஓட்டிலிருந்து எடுத்ததை உட்கொள்வது பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள், அது என் துறை அல்ல.

நமக்குக் கிட்டத்தில் இருக்கும் பயன்கள் மூன்று.

ஒன்று, வயல். ஐரோப்பிய ஒன்றியம் 2014 இல் கைற்றோசானின் ஒரு வடிவத்தைப் பயிர்ப் பாதுகாப்புக்கு அனுமதித்தது. செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதுதான் அதன் வேலை. அவ்வளவு தூரம் போகாமல், காய வைத்து இடித்த கோதைக் கூட்டெருவில் கலந்தாலே கைற்றினைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் பெருகும். அவை வேரைத் தாக்கும் சில புழுக்களையும் பங்கசுக்களையும் அடக்கும். 2021 இல் இரசாயன உரம் தடை செய்யப்பட்டபோது சேதனப் பசளைக்கு நமது விவசாயிகள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். அந்த நாளிலும் கோது குப்பைக்குத்தான் போனது.

இரண்டு, தறி. மருதமுனையின் கைத்தறிக்குப் பெயர் உண்டு. பருத்தி நூலை முன்கூட்டியே கைற்றோசான் கரைசலில் தோய்த்தால் சில சாயங்கள் கூடுதலாகப் பிடிக்கும்.

மூன்று, தண்ணீர். சாயக் கழிவுநீரிலிருந்து நிறத்தைத் திரட்டி எடுக்கவும் அது உதவும்.

கடல் இங்கே, வயல் இங்கே, தறி இங்கே. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம். 1995 இல் மர்ஹூம் அஷ்ரப் அவர்களின் முயற்சியால் இந்தக் கரைக்கு வந்த சொத்து அது. கொச்சியில் ஆராய்ச்சி நிலையம் இருந்த தூரத்தில் நமக்கும் ஒன்று இருக்கிறது. யுத்தத்துக்கு முன் இது நம்மிடம் இல்லை.

*என்ன செய்யலாம்?*

தொழிற்சாலை கட்டச் சொல்லவில்லை. ஈரக் கோது நூறு கிலோவிலிருந்து கடைசியில் மிஞ்சுவது சில கிலோ மட்டுமே. கணக்குப் பார்க்காமல் இயந்திரம் வாங்கித் துருப்பிடிக்க விட்ட சங்கங்களை நாம் பார்த்திருக்கிறோம். முதலில் கோது எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

மீன் சந்தைகளிலும் இறால் உரித்து வாங்கும் ஹோட்டல்களிலும் கோதுக்கென்று மூடி போட்ட தனி வாளி ஒன்றை வைத்து, ஒரு மாதம் நிறுத்துப் பார்க்கலாம். மீனவர் சங்கமும் மாநகர சபையும் பிரதேச சபைகளும் மனம் வைத்தால் பெரிய செலவில்லை. சேர்ந்ததைக் காய வைத்து எருவாக்கி நாலு வயல் வரம்பில் சோதிக்கலாம். அந்தக் கணக்கையும் கோது மாதிரியையும் கொண்டு பல்கலைக்கழகக் கதவைத் தட்டலாம். உரிக்கும் பெண்களுக்குக் கோதுக்கும் தனிக் காசு என்ற நிபந்தனையை முதல் நாளிலேயே எழுதி வைக்க வேண்டும். கொச்சியில் கோதைக் குவித்த கைகளுக்கு அந்தக் காசில் போதிய பங்கு போனதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

பள்ளக்காட்டுக்குப் போகும் பையில் ஒரு நாற்றம் குறைந்தாலும் அது இலாபம்தான்.

யுத்தத்துக்கு முன் பொத்துவில், கோமாரி, பாணமைப் பக்கம் இறால் வியாபாரம் செய்த வாப்பாமார், கூனி காய வைத்து விற்ற உம்மாமார் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். அந்தக் காலத்தில் கோதை என்ன செய்தார்கள்? தென்னைக்குப் போட்டார்களா, கோழிக்குக் கொடுத்தார்களா? இது எழுதப்படாத வரலாறு. அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைப்போம்.

பிழை இருந்தால் இரசாயனவியல் ஆசிரியர்கள் திருத்துங்கள்.